பதினாறாம் வாய்ப்பாடு

சபை மலருக்கு என் வியாதியைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் போதகர் ஐயா கேட்டிருக்கிறார். "ரெண்டு பக்கம் போதும் டீச்சர். எலிக்காய்ச்சல்னா என்ன, எப்படி வந்துச்சு, ஆண்டவர் எப்படிக் காப்பாத்தினார்னு எழுதுங்க. மத்தவங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார். இரண்டு பக்கத்தில் முடித்தால் நான் ஆலயத்தில் சொன்ன சாட்சி மாதிரியே ஆகிவிடும். அந்தச் சாட்சியில் பாதியை விழுங்கிவிட்டேன். இங்கே முழுதாக எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் ஐயாவின் இஷ்டம்.

என் பெயர் எஸ்தர். உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும், அதை எழுத மாட்டேன். வீட்டுக்காரர் தனராஜுக்கு நெல்லும் கொஞ்சம் வாழையும். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஆலயத்தில் பெண்கள் சங்கத் தலைவி நான்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நான்தான் நடத்துவேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அன்பைப் பற்றிய வசனங்களைப் பார்க்காமல் ஒப்பித்தால் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுப்பவளும் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

வியாதி வயலில் ஆரம்பித்தது. பெரியாற்றுத் தண்ணீர் திறந்து நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்கு வந்த பெண்களுக்குச் சோறு கொண்டுபோனவள், வரப்பிலேயே நின்றிருக்கலாம். "இப்படியா நாத்து நடுவாக?" என்று சொல்லிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நாலு முடி நாற்று நட்டுக் காட்டினேன். எதிலும் பாடம் நடத்தாமல் எனக்கு இருக்க முடியாது. என் குதிகாலில் வெடிப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி அந்த வெடிப்பு வழியாகத்தான் உள்ளே போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அதற்குத்தான் எலிக்காய்ச்சல் என்று பெயர். எலி கடிக்க வேண்டியதே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் சதையை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. கண் சிவந்தது, பிறகு மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். அது ஒரு முட்டாள்தனம். மூத்திரம் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் சுத்தமாக நின்றது. அன்றைக்குத்தான் தனராஜ் என் பேச்சைக் கேட்காமல் காரை எடுத்து என்னைத் தேனிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

அங்கே இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். கிரியேட்டினின் என்று ஒன்று சொன்னார்கள். உடம்பில் சேருகிற கழிவு அது. கிட்னி வேலை செய்தால் மூத்திரத்தோடு வெளியே போய்விடும், செய்யாவிட்டால் இரத்தத்திலேயே தேங்கும். எனக்கு எக்கச்சக்கமாகத் தேங்கியிருந்தது. "ஊசி போட்டா கிருமி செத்துரும். ஆனா கிட்னி முழிக்கிற வரைக்கும் மெஷின்தான் இரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். டயாலிசிஸ். கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் டாக்டர். 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்றது என் காதில் விழவில்லை. டயாலிசிஸ் என்பது மட்டும் விழுந்தது. எங்கள் தெருவில் டயாலிசிஸ் என்று போன இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

கழுத்து நரம்பில் ஒரு குழாயைச் சொருகித் தைத்தார்கள். மெஷினில் இடம்தான் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை எல்லா ஷிஃப்டும் நிரம்பியிருந்தது. வாரம் இரண்டு தடவை வருகிற நிரந்தர நோயாளிகள் முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு விக்கல் எடுத்துக்கொண்டே இருந்தது. கழிவு தலைக்கு ஏறினால் அப்படித்தான் விக்குமாம். தனராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சபையில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். "ஜெபம் பண்ணுங்க. வழி திறக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

அப்போது பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் முகத்துக்கு மேலே குனிந்து பார்த்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குத்தி, வாய் நிறைய வெற்றிலை.

"ஏ ஆத்தா, மொகம் மஞ்சக் கெழங்கா இருக்கே. சிஸ்டர், எம் மொறைய இவுகளுக்குப் போடுங்க. நான் நாளைக்கு வந்துக்கிறேன்."

"நாளைக்குச் சனிக்கிழமை ஈஸ்வரி. உனக்கு வியாபாரம் கிடக்குமே" என்றார் ஜோதி சிஸ்டர். டயாலிசிஸ் வார்டைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அவர்.

"வியாபாரம் எங்க ஓடிரப் போகுது? சனி பகவான் எங்கிட்ட ஏழரைக்கு மேலயே எடுத்துட்டாரு, ஒருநாள் எனக்காகக் காத்திருக்கட்டும்" என்று சிரித்தாள்.

அவள் குச்சனூர்க்காரி, சனீஸ்வரன் கோயில் வாசலில் எள் விளக்கு விற்கிறவள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. குச்சனூரில் கூட்டம் வருவது சனிக்கிழமைதான். மற்ற நாளில் அவளுக்கு விளக்கு விற்காது. அன்றைக்கு நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

டயாலிசிஸ் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வலி என்று ஒன்றும் இல்லை. நம் இரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், மெஷினைச் சுற்றி, வடிகட்டி வழியாக வந்து, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகிறது. அதை நாமே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். குளிரும். பசிக்கும், ஆனால் சாப்பிட்டால் குமட்டும். அரை நாள் அப்படியே போய்விடும். முடிந்தபோது விக்கல் நின்றிருந்தது. நான் சாகவில்லை.

மறுநாள் காலை தனராஜ் போனை ஸ்பீக்கரில் வைத்து என் வாயருகே பிடித்தார். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கம். நான் கம்மிய குரலில் சொன்னேன், "கர்த்தர் எனக்காக வழியைத் திறந்தார்." அந்தப் பக்கம் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று ஒரே சத்தம்.

கட்டில் ஓரத்தில் இருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். தான் விட்டுக்கொடுத்த முறைக்குப் பதில் முறை வாங்கச் சனிக்கிழமை வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். "டீச்சரு, அந்தக் கதவத் தொறந்தது நாந்தேன். ஒங்க சாமி பேரு வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றாள். தனராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவர் அவள் மூலமாகச் செய்தார் என்று விளக்க ஆரம்பித்தேன். அவளுக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இன்றைக்கு எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அன்றைக்குக் கடைசிவரை சொல்லவே இல்லை.

அவளுக்கு அன்றும் முறை கிடைக்கவில்லை. மெஷின்களுக்குச் சுத்தமான தண்ணீர் தரும் பிளான்ட் அன்று காலையிலேயே பழுதாகிவிட்டது. அந்தத் தண்ணீர் இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது. வந்தவர்களையெல்லாம் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஈஸ்வரி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று என் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். இடது கையை நீட்டி, "இங்கன தொட்டுப் பாருங்க" என்றாள். டயாலிசிஸ் ஊசிக்காக இரண்டு நரம்பை ஒன்றாகத் தைத்த இடம் அது. தொட்டால் தோலுக்கு அடியில் வண்டு ரீங்காரம் இடுவதுபோல் இருந்தது. "இது ஓடுற வரைக்கும் நான் ஓடுவேன்" என்றாள்.

எங்கள் சபையார் கொண்டுவந்த செவ்வாழையும் இளநீரும் மேசையில் குவிந்திருந்தன. கிட்னி நோயாளிக்கு இரண்டும் விஷம், அதில் உள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு வாழையும் இளநீரும் தொடக்கூடாது. ஈஸ்வரி ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள். "மோந்தா ஒண்ணும் ஏறாது" என்றாள்.

ஞாயிறு எனக்கு மூத்திரம் வந்தது. படிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், அது அவ்வளவு பெரிய விஷயம். தனராஜ் அதைப் பிளாஸ்டிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பால் சொசைட்டியில் அளப்பது மாதிரி. உப்பில்லாத கஞ்சியை எனக்கு ஊட்டி, அது நன்றாக இருப்பதாகக் காட்ட அவரும் அதையே குடித்தார். மண்வெட்டி பிடிக்கிற கையால் எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் வலது காதுக்கு மேலே போய் நின்றது. வார்டே பார்த்துச் சிரித்தது.

இனிமேல் வருவதுதான் நான் சாட்சியில் விழுங்கியது.

திங்கள் காலை பிளான்ட் அரைகுறையாகச் சரியானது. பாதி மெஷின்தான் ஓடும் என்றார்கள். முதல் ஷிஃப்டில் என் பெயர் இருந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என் குவளையைப் பார்த்துத் தலையாட்டினார். "கிட்னி முழிச்சிருச்சு. இன்னைக்கு ஒண்ணு போட்டுக்கலாம். சாயங்காலத்துக்குத் தள்ளிப் போனாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை நான் தெளிவாகக் கேட்டேன். மொழி புரியாமலோ மயக்கத்திலோ இல்லை.

என் கட்டில் டயாலிசிஸ் வார்டின் கதவை ஒட்டி இருந்தது. திரைச்சீலை இடுக்கு வழியாகப் பெஞ்சு தெரியும். ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கிக் கண் சிறுத்துப் போயிருந்தது. செருப்பு காலில் நுழையாமல் பக்கத்தில் கிடந்தது. முன்வாரம் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் செய்தவள். மூத்திரம் போகாத உடம்பில் அத்தனை நாள் தண்ணீரும் நின்றுவிட்டது. சாயாமல், முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். சாய்ந்தால் நுரையீரலில் தண்ணீர் ஏறும், அதனால்தான் அப்படி உட்காருவார்கள் என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. ஆனாலும் அவள் நன்றாக இல்லை என்பது தெரிந்தது.

ஜோதி சிஸ்டர் என் திரைக்கு வெளியே தனராஜிடம் பேசுவது கேட்டது. "இருக்கிறவங்கள்ல அக்கா ஒருத்தருக்குத்தான் தள்ளிப் போட முடியும். மத்தவங்க எல்லாருமே முடியாதவங்க. அக்கா சரின்னு சொன்னா ஈஸ்வரியை இப்ப ஏத்திருவேன். நானா மாத்த முடியாது, அவங்க முறை. ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

திரை விலகுவதற்குள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியது மட்டுமில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டு உதட்டை அசைத்தேன்.

எங்கள் ஜனத்தைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தூங்குகிறவளை எழுப்பிவிடுவார்கள். ஜெபிக்கிறவளை யாரும் தொட மாட்டார்கள். வீடே தீப்பிடித்தாலும் ஆமென் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். அது எனக்குத் தெரிந்துதான் செய்தேன்.

"ஜெபத்துல இருக்கா சிஸ்டர்" என்று தனராஜ் மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலில் எவ்வளவு மரியாதை! "செத்த நேரம் பொறுங்க. அவளா முடிப்பா."

சிஸ்டர் நின்றார். நான் முடிக்கவில்லை.

ஜெபிக்கவும் முயன்றேன், பொய் சொல்லவில்லை. ஆரம்ப வார்த்தைகூட வரவில்லை. முப்பது வருடமாக மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்க ஜெபித்தவளுக்கு அன்று ஆண்டவரைக் கூப்பிட வாய் வரவில்லை. உதடு நின்றால் சிஸ்டர் கேட்டுவிடுவார். அதனால் உதட்டுக்கு என்ன வந்ததோ அதைச் சொன்னேன். ஒரு பதினாறு பதினாறு. ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு. மூணு பதினாறு நாற்பத்தெட்டு. பதினாறாம் வாய்ப்பாடு. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து.

பயம்தான். மறுபடி விக்கல் வருமோ, சாயங்காலம் பிளான்ட் மறுபடி நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை மன்னித்துவிடலாம். ஆனால் வாய்ப்பாட்டுக்கு நடுவே மனது வேறொன்றும் சொன்னது: நான் போனால் வெள்ளிக்கிழமை ஜெபத்தை யார் நடத்துவது, சங்கத்தை யார் பார்ப்பது, ஆண்டவருக்கு என்னால் ஆகவேண்டிய வேலை எவ்வளவு இருக்கிறது. பெஞ்சில் இருப்பவளைவிட நான் முக்கியம் என்பதை இத்தனை பக்தியாகச் சொல்லிக்கொண்டேன். எனக்காகத் தம்மையே கொடுத்தவர் என்று யாரைப் பற்றி நாற்பது வருடம் பாடினேனோ, அவர் பெயரை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அவளோ அவரைத் தெரியாதவள், மூன்று நாளைக்கு முன்னால் அவர் செய்ததை எனக்குச் செய்திருந்தாள்.

"சரி, நேரமாகுது. இவங்களையே ஏத்திருவோம்" என்றார் சிஸ்டர். அப்போதுதான் எனக்கு ஆமென் வந்தது.

மெஷினில் என் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. "படுக்க வைக்காதீங்க, உட்கார்ந்தபடியே தூக்குங்க!" என்று சிஸ்டர் கத்தினார். யாரோ ஓடினார்கள். அவளுடைய மகள் "அம்மா, அம்மா" என்று அழுவது கேட்டது. மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும், இங்கே இடமில்லை என்று ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். ஆண்டிபட்டி தாண்டுவாளா தெரியாது என்று ஒரு வார்டுபாய் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு போனார். திறந்து கிடந்த கதவு வழியாகப் பார்த்தேன், பெஞ்சுக்கு அடியில் அவள் செருப்பு கிடந்தது. நான் மெஷினோடு கட்டப்பட்டுப் படுத்திருந்தேன். அன்று என் இரத்தம் நன்றாகச் சுத்தமாயிற்று.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. கிரியேட்டினின் இறங்கியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். யாரிடமும் ஈஸ்வரியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. காப்பீட்டு அட்டையில் பில் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று தனராஜ் சந்தோஷமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தோம். அந்த ஞாயிறு எங்கள் வழக்கப்படி ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். வழி திறந்ததைச் சொன்னேன். கிட்னி முழித்ததைச் சொன்னேன். அல்லேலூயா என்றார்கள். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், அவர்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை.

பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் மறுபடி தேனிக்குப் போனோம். அன்றும் வெள்ளிக்கிழமை. இரத்தம் கொடுத்துவிட்டு டயாலிசிஸ் வார்டைத் தாண்டும்போது, "டீச்சரு!" என்று ஒரு குரல். திரும்பினால் ஈஸ்வரி மெஷினில் படுத்திருக்கிறாள். பாதியாக இளைத்திருந்தாள். வாயில் வெற்றிலை இல்லை.

"வாங்க, வாங்க. இவுகதேன்" என்று பக்கத்துக் கட்டில்காரிக்கு என்னைக் காட்டினாள். "நான் சாகக் கெடந்த அன்னைக்கு இவுகதேன் எனக்காகச் சாமி கும்பிட்டாக. நான் பெஞ்சுல உக்காந்து தெரச்சீல இடுக்குல பாத்துக்கிட்டே இருந்தேன். எம்புட்டு நேரம்! கண்ணத் தொறக்கல, ஒதடு மட்டும் அசையுது. தம் மொறை வந்துருச்சு, அதக்கூடப் பாக்காம எனக்காக வேண்டிக்கிட்டுக் கெடந்தாக. மதுரையில முழிச்சதும் எனக்கு மொத நெனப்பே அந்த ஒதடுதேன்."

பக்கத்துக் கட்டில்காரி என்னைக் கும்பிட்டாள்.

தனராஜ் பெருமையாக என்னைப் பார்த்தார். நான் ஏதோ முனகிவிட்டு நகரப் பார்த்தேன். ஈஸ்வரி விடவில்லை. "துணைக்கு ஆள் இல்லாம வரக்கூடாதுன்னு சிஸ்டர் வையிறாக. மக திராட்சைத் தோட்டத்துக்குப் போகலைன்னா வேலையே போயிரும். ஒங்க சாமிகிட்ட அதுக்கும் ஒரு வார்த்த சொல்லிவைங்க" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், சின்னமனூர் தாண்டியதும் தனராஜிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், வாய்ப்பாடு உட்பட. வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

"சிஸ்டர மறிச்சது நாந்தானே" என்றார். "ஒன்னைய நம்பி மறிச்சேன்."

"தெரியும்."

"அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுவியா?"

சொல்லாமல் இருக்க எனக்கு நல்ல காரணங்கள் இருந்தன. நோயாளி மனது உடைந்துவிடும். அந்த நம்பிக்கையாலேயே ஆண்டவரை அறியலாமே. இப்படி நியாயம் தேடுவதில் நான் கெட்டிக்காரி. உண்மை என்னவென்றால், அவள் என்னைப் பார்த்த மாதிரி இதுவரை யாரும் என்னைப் பார்த்ததில்லை. அதை இழக்க மனமில்லை. திரைக்குப் பின்னால் படுத்திருந்த அதே எஸ்தர்தான் வண்டியிலும் உட்கார்ந்திருந்தாள்.

ஐயாவிடம் போய் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வேறு வேலை இருக்கிறது என்றேன். ஜெபத்தைவிடவா என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஈஸ்வரியைக் குச்சனூர் போய் அழைத்துக்கொண்டு தேனிக்குப் போனேன். துணைக்கு வருகிறவருக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான், பார்த்துக்கொண்டே இருப்பது. மெஷின் தண்ணீரை உறிஞ்சும்போது சிலருக்குத் திடீரென்று பிரஷர் இறங்கிவிடும். நெற்றி வியர்க்கும், கொட்டாவி வரும், பேச்சு குழறும். உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். "தூங்கிராதீங்க அக்கா" என்று ஜோதி சிஸ்டர் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

மெஷின் ஓட ஆரம்பித்து ஈஸ்வரி நிதானமானதும் சொன்னேன்.

"ஈஸ்வரி, அன்னைக்கு நான் ஒனக்காக ஜெபம் பண்ணல."

"பெறகு?"

"சிஸ்டர் எம் முறைய ஒனக்குக் கேக்க வந்தாக. எனக்குத் தெரியும். கேக்கக் கூடாதுன்னுதான் கண்ண மூடிக்கிட்டேன். டாக்டர் எனக்குத் தள்ளிப் போடலாம்னு சொல்லிட்டாரு. அதுவும் தெரியும். நீ மூச்சு வாங்குனதையும் பாத்தேன்."

"ஒதடு அசஞ்சுச்சே?"

"அது வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை மாறுவதை நானும் பார்த்தேன். கண்ணைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தைரியமில்லை. பிறகு அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், நோயோடு படுத்திருப்பவளுக்கு அது ஒரு வேலை. அதனால் கேட்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போய்விடு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் அவள் காதோரம் முத்து முத்தாக வியர்த்தது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். வந்து பிரஷர் பார்த்து, காலைத் தூக்கி வைத்து, மெஷினில் ஏதோ திருகினார். "நல்லவேளை, பார்த்தீங்க" என்றார்.

ஈஸ்வரிக்கு நிறம் திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஆறு பதினாறு எம்புட்டு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "தொண்ணூத்தாறு" என்றேன்.

"எம் மக பதினாறாம் வாய்ப்பாட்டுலதேன் பள்ளிக்கூடத்த விட்டு நின்னா. டீச்சரு அடிச்சுட்டாகன்னு." என் பக்கம் திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது, கோபமும் இருந்தது. "அன்னைக்குச் சொன்னீகளே, அதச் சொல்லுங்க. இங்கன, என் காது கேக்க. கண்ண மட்டும் மூடாதீக. மூடுனா நான் நம்ப மாட்டேன்."

"ஒரு பதினாறு பதினாறு" என்று ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டில்காரி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு. மூணு பதினாறு நாற்பத்தெட்டு. ஈஸ்வரி ஊசி குத்தாத கையை எடுத்து என் மடியில் வைத்தாள். நாலு பதினாறு அறுபத்துநாலு.

"மூடிட்டீக" என்றாள் ஈஸ்வரி.

ஆமாம், அழுகையில் மூடிவிட்டேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து, அவள் நெற்றியைப் பார்த்தபடி மறுபடி முதலில் இருந்து சொன்னேன்.